கவுண்ட் ஏறியிருக்கு, அப்புறம் ஏன் காய்ச்சல்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விபத்தைப் பற்றியவை. மழைக்காலம், மேட்டு ரோடு, ஆள் அளவுக்கு மீறி ஏற்றிய ஜீப், வேறென்ன எதிர்பார்க்க முடியும்! கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருவதால் சேர்த்து எழுதுகிறேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டரம்மா, என் நாத்தனார் தினமும் விடியற்காலையில் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். கம்பம்மேட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து தொடை எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்துவிட்டன. ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட் 19,000 என்று இருந்ததைப் பார்த்துப் பயந்து கேட்டோம். "இது கிருமியால் இல்லை, அடிபட்டதால் ஏறியிருக்கிறது" என்றார்கள். ஆனால் பத்தாம் நாள் காய்ச்சல் வந்து, நிமோனியா என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளை அணு இவ்வளவு இருக்கும்போது கிருமி எப்படி உள்ளே புகுந்தது? லிம்போசைட் 6 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது. பயத்தில் ரத்தம் கெட்டுப்போச்சு என்கிறார் என் மாமியார். (ஒரு வாசகி, கம்பம்)

பதில்: முதலில் அந்த 19,000-ஐப் பார்ப்போம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிற அணுக்களை மட்டும்தான் எண்ணுகிறது. நியூட்ரோஃபில் என்ற வகையில் ஏறக்குறைய பாதி எப்போதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது. ஜீப் உருண்ட அந்த நொடியில் உங்கள் நாத்தனாரின் சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டியிருக்கும், சில நிமிடங்களிலேயே சுவரில் ஒட்டியவை கழன்று ஓட ஆரம்பித்திருக்கும். ஒரு புது அணுகூட உருவாகாமலேயே கவுண்ட் ஏறிவிடும். அடுத்த சில மணி நேரத்தில் அதே சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வரும் கார்டிசால், எலும்பு மஜ்ஜையில் சேமிப்பாக வைத்திருந்த நியூட்ரோஃபில்களையும் வெளியே வரவைக்கும். ஆக, உங்களிடம் சொன்னது சரிதான். முதல் நாள் 19,000 என்பது பெரும்பாலும் அடியின் கணக்கு, கிருமியின் கணக்கு அல்ல.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, அது அந்த எண்ணில் தெரியாது. வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை நம் உடம்பில் நாள்கணக்கில் மட்டுமே வாழ்கிற சரக்கு. நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள் ஓடினாலே அதிகம் என்பதால், மஜ்ஜை தினமும் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். எல்லாமே ஸ்டெம் செல் என்ற ஒரே மூலச் செல்லிலிருந்துதான் கிளை பிரிகின்றன. இந்தக் கிளை சிவப்பணுவாகும், அந்தக் கிளை நியூட்ரோஃபில் ஆகும், இன்னொன்று மோனோசைட், இன்னொன்று லிம்போசைட் (இவை இரண்டும் வெள்ளை அணு வகைகள்தான்). எந்தக் கிளைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களுக்கு நேரடியாகவே கை இருக்கிறது. எலும்புக்குள் நரம்பு போகிறது என்பது பலருக்குத் தெரியாது. பயம் வந்தால் இதயத்தைத் துடிக்கவைக்கிற அதே சிம்பதெடிக் நரம்புகள் மஜ்ஜைக்குள்ளும் போய், அட்ரினலினுக்குச் சொந்தக்காரனான நார்அட்ரினலினைச் சுரக்கின்றன, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் இளம் செல்களில் இருக்கின்றன.

தீக்காயத்தில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள லயோலா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த வேலை இது. பெரிய தீக்காயமும் கிருமித் தொற்றும் சேர்ந்தபோது மஜ்ஜையில் நார்அட்ரினலின் கூடியது, மஜ்ஜை மோனோசைட் பக்கமாகச் சாய்ந்தது. மாஃப்-பி என்ற ஒரு புரதம் இளம் செல்களில் அதிகமாகி, டென்ட்ரிடிக் செல்லாக வேண்டியவை அப்படி ஆகாமல் போவதையும் கண்டார்கள். இந்த டென்ட்ரிடிக் செல்லின் வேலை, கிருமியை விழுங்கி அதன் துண்டை லிம்போசைட்டிடம் எடுத்துக் காட்டி "இதைத் தேடு" என்று பழக்குவது. (இதை 1973-ல் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபல் அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, கமிட்டிக்கு அது தெரியாது. பரிசைத் திரும்பப் பெறவில்லை.) டென்ட்ரிடிக் குறைந்துபோனால் மோனோசைட் எவ்வளவு பெருகினாலும் லிம்போசைட்டுக்குச் சேதி சரியாகப் போய்ச் சேராது. போதாததற்கு, பெரிய காயத்துக்குப் பிறகு ரத்தத்தில் இருக்கும் மோனோசைட்டுகளிலும், கிருமித் துண்டை எடுத்துக் காட்டப் பயன்படும் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதம் குறைந்துவிடுகிறது. அது நாள்கணக்கில் ஏறாமலே கிடந்தால் அந்த நோயாளிக்குத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்று ஐ.சி.யு. டாக்டர்கள் கவனித்திருக்கிறார்கள்.

நியூட்ரோஃபிலின் தரமும் மாறுகிறது. ஏலக்காய் விலை ஏறிக்கிடக்கிற வாரத்தில் முற்றாத காயையும் சேர்த்துப் பறித்துவிடுவார்கள் அல்லவா, மஜ்ஜையும் அந்த அவசரத்தில் முற்றாத நியூட்ரோஃபில்களை வெளியே விட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'பேண்ட்' என்றோ 'லெஃப்ட் ஷிஃப்ட்' என்றோ எழுதியிருந்தால் அதுதான் அர்த்தம். இவை கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதிலும் அதைக் கொல்வதிலும் முற்றியவை அளவுக்குத் திறமை இல்லாதவை, இவற்றில் சில லிம்போசைட்டின் வேலையை அடக்கவும் செய்கின்றன.

இனி அந்த 6 சதவீதம். லிம்போசைட் சாதாரணமாக 20 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். கார்டிசால் ஏறினால் லிம்போசைட்டுகளில் ஒரு பங்கு ரத்தத்தை விட்டு மஜ்ஜைக்கும் மற்றத் திசுக்களுக்கும் போய் ஒதுங்கிவிடும், ஒரு பங்கு தானே செத்துவிடும். டி-லிம்போசைட்டுகள் வளர்கிற இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ். அங்கே பாதி வளர்ந்த நிலையில் இருப்பவை கார்டிசாலைத் தாங்கவே தாங்காது. 1936-ல் ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிரில் வைத்தும் காயப்படுத்தியும் பல மருந்துகளை ஊசியாகப் போட்டும் பார்த்தார். எதைச் செய்தாலும் அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ஸ்ட்ரெஸ் என்று இன்று ஊரெல்லாம் பேசுகிற பேச்சு பெரும்பாலும் அந்த எலிகளிடமிருந்துதான் தொடங்கியது. உங்கள் நாத்தனார் வயதில் தைமஸ் பெரும்பாலும் கொழுப்பாகிவிட்டிருக்கும், அதனால் அவருக்கு ஒதுங்குவதும் சாவதும்தான் முக்கியக் காரணம். சின்னக் குழந்தைக்குப் பலத்த அடி என்றால் தைமஸ் சுருங்குவது எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிடவும் கூடாது. நசுங்கிய தசையிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும் செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா ரத்தத்தில் சிதறுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்து நம் செல்லுக்குள் குடியேறியது. அதனால் அதன் துண்டுகளைப் பார்த்ததும் உடம்பு கிருமி வந்துவிட்டதாகவே நினைத்து அழற்சியைக் கிளப்புகிறது. 2010-ல் விபத்து நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வு, பலத்த காயத்துக்குப் பிறகு வெள்ளை அணுக்களின் மரபணு இயக்கத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மாறிவிடுகிறது என்றது. இவ்வளவு கலவரத்துக்கு நடுவில் ஹார்மோன் ஒரு கைதான், ஆனால் முதலில் நீள்கிற கை.

நிமோனியா ஏன் வந்தது என்றால், இது எல்லாவற்றோடும் விலா எலும்பும் முறிந்திருக்கிறது. வலிக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார், இருமமாட்டார், சளி அடியிலேயே தங்கும். அதில் கிருமி வளர்வது, அதைத் தடுக்கவேண்டிய அணுக்கள் எண்ணிக்கையில் கூடியும் வேலையில் குறைந்தும் இருக்கிற அதே இரண்டாவது வாரத்தில். உங்கள் மாமியாரிடம் ரத்தம் கெடவில்லை என்று சொல்லுங்கள், ஆனால் பயம் உண்டாக்குகிற ஹார்மோனுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது, வலி மாத்திரையை "சூடு" என்று தள்ளிப்போடாமல் நேரத்துக்குக் கொடுப்பது, மூன்று பந்து வைத்த அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒருமுறை ஊதவிடாமல் இழுக்கவைப்பது (நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள்!), டாக்டர் சரி என்ற அன்றே எழுப்பி உட்காரவைப்பது.

கேள்வி: எஸ்டேட்டில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன என் அப்பாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து வாரம் ஆகியும் ஹீமோகுளோபின் 8.4-லேயே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தினமும் கொடுக்கிறோம். இரண்டாகக் கொடுக்கலாமா? (வண்டிப்பெரியாறு வாசகர்)

பதில்: இரண்டாகக் கொடுக்காதீர்கள் தம்பி. மலச்சிக்கல்தான் மிஞ்சும், அதுவும் வலி மாத்திரையோடு சேர்ந்தால் அப்பா உங்களைத் திட்டுவார்.

மேலே சொன்ன அதே மஜ்ஜைக் கதைதான், சிவப்பணுக் கிளையில். மஜ்ஜை வெள்ளை அணுப் பக்கம் சாய்ந்தால் சிவப்பணு முன்செல்களின் வளர்ச்சி குறைகிறது. ரத்தம் போனதும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்பிச் சிவப்பணு செய்யச் சொல்லும், ஆனால் நார்அட்ரினலினிலும் அழற்சியிலும் கிடக்கிற மஜ்ஜை அதைச் சரியாகக் காதில் வாங்காது. இதோடு கல்லீரல் ஹெப்சிடின் என்ற இன்னொன்றைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பை உள்ளே வரவிடாது, உள்ளே இருக்கிற இரும்பையும் சேமிப்பிலிருந்து வெளியே எடுக்கவிடாது. இரும்பைத் தின்று வளர்கிற கிருமிகள் உண்டு என்பதால் தொற்று இருக்கும் காலத்தில் அது உடம்பின் தற்காப்பு. அந்த நிலை நீடிக்கிறவரை மாத்திரையைக் கூட்டுவதில் பிரயோஜனம் கம்மி. அட்ரினலின், நார்அட்ரினலின் வேலையைத் தடுக்கிற பீட்டா பிளாக்கர் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அடங்கிப்போயிருந்த சிவப்பணு முன்செல்கள் மறுபடி வளர்ந்தன, ஆகவே ஹார்மோனுக்கு இதில் பங்கு இருப்பது கற்பனை இல்லை.

ஐந்து வாரம் ஆகிவிட்டதால் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபெரிட்டின் மட்டும் பார்த்தால் அழற்சியில் அது ஏறியிருந்து ஏமாற்றும். கறுப்பாகத் தார் மாதிரி மலம் போகிறதா என்று அப்பாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அன்றே கொண்டுபோங்கள்.

கேள்வி: என் தாய்மாமா பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு மயக்கமாகவே இருந்தார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மூளை வீக்கம் வடியும் என்று தெரிந்தவர் சொன்னார். டாக்டர்கள் போட மறுத்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டை என்பதால் மறுத்தார்களோ என்று சந்தேகம். (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: ஸ்டீராய்டு ஊசி ஒன்றும் விலை உயர்ந்த மருந்தில்லை, காசுக்காக மறுக்க அதில் எதுவும் இல்லை. மறுத்தது சரி.

பல காலம் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், நல்லெண்ணத்தில்தான். 2004-ல் கிராஷ் என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு வந்தது. தலைக்காயம் பட்ட 10,008 பேரில் ஒரு பாதிக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மறு பாதிக்கு வெறும் மருந்தற்ற திரவம். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், மற்றப் பக்கம் 17.9 சதவீதம். வீக்கம் வடியும் என்று போட்ட மருந்து நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கிறது. அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது. ஏன் கூடுதலாக இறந்தார்கள் என்பதற்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை, ஆகவே நோய் எதிர்ப்பு குறைந்ததால்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

ஸ்டீராய்டு கார்டிசாலைப் போலச் செய்த மருந்துதான், அதற்காகக் கார்டிசால் எதிரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1983-ல் கிளாஸ்கோவில் ஒரு ஐ.சி.யு.வில், விபத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களைத் தூங்கவைக்க எட்டோமிடேட் என்ற மருந்தைத் தொடர்ந்து ஏற்றியபோது சாவு கூடியதைக் கண்டார்கள். காரணத்தைத் தேடிப்போனால், அந்த மருந்து அட்ரினலில் கார்டிசால் உற்பத்தியை அடைத்துவிடுகிறது! பலத்த அடி பட்டவரிடம் அந்த ஹார்மோனைப் பறித்தால் ரத்த அழுத்தமே நிற்காது. அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் ஆபத்து, இல்லாமல் போனாலும் ஆபத்து.

இதில் நம் பக்கத்து ஆட்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கித் தின்கிற பழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டவரின் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். அடிபட்ட அன்று எழுந்திருக்காது. விபத்து என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது "இவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்" என்று பொட்டலத்தையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொட்டலம் பேசும். அப்படிப்பட்டவருக்கு டாக்டரே ஸ்டீராய்டு ஊசி போடுவார், அப்போது கிராஷ் ஆய்வைச் சொல்லி நீங்கள் தடுக்காதீர்கள்.

கேள்வி: அடுப்புத் தீயில் பாதி உடம்பு வெந்த என் அக்கா மகளுக்கு 'ப்ரொப்ரனலால்' கொடுக்கிறார்கள். எங்கள் பெரியப்பா பி.பி.க்குச் சாப்பிட்ட மாத்திரை அது. குழந்தைக்கு எதற்கு? (குமுளி வாசகி)

பதில்: சரியான மாத்திரைதான் அம்மா. மேலே சொன்ன பீட்டா பிளாக்கர் வகைதான் இது. பெரிய தீக்காயத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். இதயம் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும். 2001-ல் அமெரிக்காவின் கால்வெஸ்டனில் டேவிட் ஹெர்ன்டன் குழு, உடம்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெந்த 25 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ப்ரொப்ரனலால் இதயத் துடிப்பைக் குறைத்துத் தசை கரைவதையும் தடுத்தது. அதற்குத்தான் கொடுக்கிறார்கள். மஜ்ஜையையும் இது சரிசெய்யும் என்பதற்கு எலிகளில் ஆதாரம் இருக்கிறது, ஆனால் யாரும் அதற்காக மட்டும் இந்த மாத்திரையை எழுதுவதில்லை.

பெரியப்பாவின் அட்டையிலிருந்து எடுத்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இளைப்பு உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவருக்குக் கொடுத்தால் இதயம் ஈடுகட்ட முயல்வதையே நிறுத்திவிடும்.

கேள்வி: விபத்து எதுவும் இல்லை, ஆனால் பள்ளிக்கூட வேலையில் தினமும் டென்ஷன். என் மஜ்ஜையும் மாறுமா? (செங்கோட்டை ஆசிரியை)

பதில்: கொஞ்சம். 2014-ல் வந்த ஓர் ஆய்வில் ஐ.சி.யு. டியூட்டி பார்த்த இளம் டாக்டர்களின் ரத்தத்தில் வெள்ளை அணு ஏறியிருந்தது, எலிகளை நீண்ட நாள் தொந்தரவில் வைத்தபோது மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் அதிகமாகப் பிரிந்தன. தொடை எலும்பு முறிந்தவர் கதையோடு இதை ஒப்பிடாதீர்கள் டீச்சர். தூங்குங்கள்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் மஜ்ஜை ஊறுமா? (கூடலூர் வாசகர்)

பதில்: ஆட்டின் மஜ்ஜை நம் மஜ்ஜைக்குப் போகாது. ஆனால் பலத்த காயம் பட்டவருக்குப் புரதம் நிறையத் தேவை, உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை. சூப்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அதனால் சூப்பை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கறியை நீங்கள் சாப்பிடுகிற வேலை வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, கடலை எதுவும் சரி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

கேள்வி: ஜீப் விபத்தில் என் கணவருக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறார். இனிமேல் ஏதாவது பார்க்கவேண்டுமா? (போடி வாசகி)

பதில்: கட்டாயம் பார்க்கவேண்டும். இது ஹார்மோன் விஷயம் இல்லை, ஆனால் இன்று வந்த கடிதங்களிலேயே உடனே கவனிக்கவேண்டியது உங்களுடையதுதான். மேலுறை போட்ட சில பாக்டீரியாக்களை, முக்கியமாக நிமோகாக்கஸை, ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரி தொடங்கி சில மணி நேரத்திலேயே கைமீறிப் போகலாம், ஆபரேஷன் ஆகிப் பல வருடம் கழித்தும் வரலாம். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) ஆகிய மூன்று கிருமிகளுக்கும் தடுப்பூசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். விபத்தில் அவசரமாக எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம், அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் விட்டுப்போயிருக்கும். ஃப்ளூ ஊசி வருடாவருடம். குளிரோடு காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு படுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, முதல் வாக்கியத்திலேயே "மண்ணீரல் எடுத்தவர்" என்று சொல்லுங்கள். தோட்ட வேலைக்காக மலை ஏறுகிறவர் என்றால் அதை ஒரு சீட்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.